கூப்பிட்டால் கேட்கும் வீடு

தென்காசி
9-2-1958, ஞாயிறு

அன்புள்ள சுந்தரிக்கு,

வேலையில் சேர்ந்தாயிற்று. ஆபீசில் எல்லோரும் நல்ல மாதிரிதான். மெஸ் சாப்பாடு பரவாயில்லை, ரசம் மட்டும் வெந்நீருக்குத் தூரத்து உறவு. கூட்டுறவு இலாகா என்றால் இங்கேயும் அலைச்சல்தான்; மாதத்தில் பாதி கேம்ப் இருக்கும் என்கிறார்கள். அதை இப்போது பேச வேண்டாம். வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

இரண்டு வீடு பார்த்திருக்கிறேன். ஒன்று தென்காசி ஊருக்குள், பெரிய கோயிலை ஒட்டிய சந்தில். ஐந்து குடித்தனம், ஒரு கிணறு. நான் போனபோதே கிணற்றடியில் இரண்டு பேர் வாளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மதுரையில் நாம் இருக்கும் வளவை அப்படியே ரயிலேற்றிக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வீடு இலஞ்சியில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது, பஸ் உண்டு. ஊரைத் தாண்டித் தோப்புக்கு நடுவே தனி வீடு. நாலு பக்கமும் தென்னை, பின்னால் வாய்க்கால், முற்றத்தில் நின்றால் மலை. கூடம் இருக்கிறதே, ஒரு கல்யாணப் பந்தியே போடலாம். அடுப்படியில் பெரிய பெரிய கோட்டை அடுப்புகள். துணி காயப்போட முற்றம் முழுக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள். நம் மூன்று பேருக்கு இத்தனை கொடி எதற்கு என்று எனக்கே சிரிப்பு வந்தது. வாடகையோ அந்தச் சந்து வீட்டில் பாதிகூட இல்லை. வீட்டுக்காரர் தில்லைநாயகம் அண்ணாச்சி தென்காசியில் இருக்கிறார். நிலபுலன் உள்ள மனிதர், மரியாதையாகப் பேசுகிறார்.

போன வருஷம் பேராச்சி டைபாய்டில் கிடந்ததை நான் மறக்கவில்லை. அந்தச் சாக்கடைச் சந்தும் குழாயடியும் போதும். எட்டு வயசுப் பிள்ளை நல்ல காற்றில், நல்ல தண்ணீரில் வளரட்டும். உன் பதிலைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன். பரீட்சை முடிந்ததும் நீங்கள் இருவரும் கிளம்பிவிடலாம்.

அன்புள்ள,
காந்திமதிநாதன்


மதுரை
13-2-58

அத்தானுக்குச் சுந்தரி எழுதுவது.

உங்கள் கடிதத்தில் தென்னை மரம் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, மலை இருக்கிறது. மனுஷர் ஒருவரையும் காணோம். நான் அங்கே யாரோடு பேச வேண்டும்? தேங்காயோடா?

எனக்கு அந்தச் சந்து வீடுதான் பிடித்திருக்கிறது. வாளிக்குச் சண்டை போடுகிறவர்கள் நல்லவர்கள். இங்கே மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சொக்கம்மாள் அக்கா குழாயடியில் என்னோடு போடாத சண்டையா? பேராச்சிக்கு டைபாய்டு என்றதும் பத்தியக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தது யார்? நீங்கள் அதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தோப்பு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

அப்புறம், வாடகை ஏன் அவ்வளவு குறைச்சல்? ஒன்று, அங்கே பேய் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கேட்க மறந்த கேள்வி ஏதோ இருக்க வேண்டும். பேய் என்றால் பாதகமில்லை, பேச்சுத் துணைக்கு ஆகும். எனக்கு அந்தக் கேள்வியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பேராச்சி சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்களாம். "பாட்டி, கம்பை ஊன்றி நடங்க" என்று பின்னாலேயே வருகிறார்களாம். புது ஊரில் சேர்க்கும்போது விஜயா என்று எழுதிவிடு என்கிறாள். உங்கள் அம்மா பெயராயிற்றே. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.

அண்ணன் நேற்று வந்திருந்தான். "மச்சானுக்கு இரண்டு வருஷத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வரும், பிள்ளை படிப்பு இங்கேயே இருக்கட்டும்" என்கிறான். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சுந்தரி


தென்காசி
18-2-58

அன்புள்ள சுந்தரிக்கு,

கோபப்படாமல் படி. வெள்ளிக்கிழமையே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. "வேற ஆளும் கேட்டிருக்காவ தம்பி" என்று அண்ணாச்சி சொன்னதும் பயந்துவிட்டேன். இந்த மாதிரி வீடு மறுபடி கிடைக்காது.

பேய் இல்லை. கேட்டேன். பக்கத்து வயலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை.

கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்று கேட்டாய். தோப்புக் காவலுக்குப் பலவேசம் என்று ஒருவர் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், ஆனால் தங்கமான மனிதர்.

உன் அண்ணனுக்கு ஒன்று சொல். நான் மாதத்துக்கு ஒரு தடவை மஞ்சள் பையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து என் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி அல்ல. போன வாரம் இங்கே ஒரு சங்கத்துத் தலைவர் வீட்டில் எட்டு வயசுப் பெண் ஒன்று வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. எனக்குக் காப்பி இறங்கவில்லை. பேராச்சி பல் விழுந்து முளைப்பதெல்லாம் நான் கடிதத்தில்தான் படிக்க வேண்டுமா?

ஜூன் மாதம் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். விஜயா கிஜயா எல்லாம் வேண்டாம். அம்மா பெயர் அம்மா பெயர்தான்.

காந்திமதிநாதன்


மதுரை
22-2-58

அத்தானுக்கு,

என் பதிலைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன் என்று எழுதிவிட்டு, பதில் வருவதற்குள் கொடுத்துவிட்டீர்கள். சரி. இனி நான் சொல்வதையாவது கடைசிவரை படியுங்கள்.

கோவில்பட்டியில் நாம் இருந்த வீடு நினைவிருக்கிறதா? எட்டயபுரம் ரோட்டில், ஊரைத் தாண்டி, நல்ல காற்று என்று நீங்கள் பிடித்த வீடு. சுற்றிலும் பருத்திக் காடு. பேராச்சிக்கு அப்போது இரண்டு வயசு. நீங்கள் விளாத்திகுளம் கேம்பில் இருந்தீர்கள். மத்தியானம் காய்ச்சல் ஏறி, பிள்ளைக்கு வெட்டி இழுத்துவிட்டது. கண் மேலே செருகிவிட்டது. வாசலில் நின்று கத்தினேன். என் குரல் எனக்குத்தான் கேட்டது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டில் ஓடினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெருவில் தலை நிமிர்ந்து நடந்து அறியாதவள், தலை அவிழ்ந்து, முந்தானை இழுபட ஓடினேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த சந்தனமாரி என்ற புண்ணியவதி கண்டு ஓடிவந்தாள். ஈரத்துணி போட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்தது.

நீங்கள் வந்து கேட்டபோது, காய்ச்சல் வந்து போய்விட்டது என்றேன்.

எனக்கு இன்னும் அந்த ரோடு கனவில் வருகிறது. எவ்வளவு தென்னை இருந்தாலும், எவ்வளவு பெரிய கூடம் இருந்தாலும், நீங்கள் பாதி மாதம் கேம்பில் இருக்க, நான் காது கேட்காத காவல்காரரை நம்பி ஒரு வீட்டுக்கு வரமாட்டேன். ஜூனில் பேராச்சி இங்கேயே நாலாம் வகுப்பு படிக்கட்டும்.

சண்முகசுந்தரி


தென்காசி
2-3-58, ஞாயிறு

என் சுந்தரிக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

எனக்குத் தெரியாது சுந்தரி. காய்ச்சல் வந்து போய்விட்டது என்று நீ ஒரு வரியில் சொன்னாய், நானும் ஒரு வரியாகவே கேட்டுக்கொண்டேன். பிள்ளை சிரித்துக்கொண்டு மடியில் ஏறியது. அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. நீ வெறுங்காலோடு ஓடிய அந்த ரோட்டில் நான் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். 

அன்று சாயங்காலமே அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கத் தில்லைநாயகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். இனிமேல் நான் எழுதப்போவதை நீ சத்தமாகச் சிரிக்காமல் படித்தால் உனக்குப் புண்ணியம்.

"வீடு வேண்டாமா? ஏன் தம்பி, ஆனி பிறக்க இன்னும் நாள் கிடக்கே. அதுவரைக்கும் இருந்துட்டுப் போங்களேன்" என்றார்.

"ஆனியில் என்ன அண்ணாச்சி?"

"என்னதா? சீசன்லா! சாரல் விழுந்துட்டா எங்க ஆளுவ எல்லாம் இங்கனதான இறங்குதாவ? திருநெவேலி, தூத்துக்குடி, கொழும்புல இருந்துகூட வருவாவ. கூடத்துல நெருக்கிப் படுத்தாலும் இடம் பத்தாது. வைகாசி கடைசியில சாமானைக் கட்டிரணும். புரட்டாசியில திரும்ப வாங்க, வீடு அங்கனயேதான் நிக்கும்."

"இதை நீங்கள் முதலிலேயே சொல்லவில்லையே?"

"இத ஒருத்தன் சொல்லணுமா வே? குத்தாலத்துல தண்ணி விழுகும்னு யாரும் சொல்லுவாவளா?"

ஆக, பந்தி போடும் கூடம், கோட்டை அடுப்பு, முற்றம் முழுக்கக் கொடி, பாதி வாடகை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். குற்றாலத்தைச் சுற்றிய வீடுகளில் பலவும் இப்படித்தானாம். சீசன் இல்லாத மாதங்களுக்கு மட்டும் குடி வைப்பார்கள், பிறகு எழுப்பிவிடுவார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த நான் சின்ன வயசிலிருந்து சீசனுக்கு வந்து குளித்துவிட்டுப் போயிருக்கிறேன். வருகிற ஜனம் எல்லாம் எந்த வீட்டில் இறங்குகிறது, அந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பேராச்சியை ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரத்தில் நமக்கு வீடு இருந்திருக்காது.

ஆபீசில் எப்படியோ தெரிந்துவிட்டது. பியூன் அய்யாக்குட்டி முதற்கொண்டு எல்லோரும் என்னைப் பார்த்தால் சிரிப்பை அடக்குகிறார்கள். அண்ணாச்சி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, காப்பியும் கொடுத்து அனுப்பினார். நேராக அந்தச் சந்து வீட்டுக்கு ஓடினேன். அதற்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது.

இப்போது எனக்கு எந்த வீடும் இல்லை. உன்னிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். பேராச்சியை அங்கே சேர்த்துவிடாதே. எனக்கு ஒரு தவணை கொடு.

உன்,
காந்திமதிநாதன்


மதுரை
6-3-58

அத்தானுக்கு,

சத்தமாகத்தான் சிரித்தேன். வளவே கூடிவிட்டது. தில்லைநாயகம் அண்ணாச்சி பேசியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சொக்கம்மாள் அக்கா, "அருவியைத் தேடிப் போன உன் வீட்டுக்காரரை அருவியே வெரட்டிருச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பேராச்சி, "அப்பா மெஸ்ஸிலேயே இருக்கட்டும், நாமும் போய் அங்கே சாப்பிடலாம்" என்கிறாள்.

கடிதத்தின் முதல் பகுதியை யாருக்கும் வாசிக்கவில்லை. அதை நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். நானும் அன்றே சொல்லியிருக்கலாம். நீங்கள் வெயிலில் கருத்துப்போய் வந்து நின்றீர்கள், சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொன்னபிறகு நெஞ்சு லேசாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. பரீட்சை முடிந்ததும் நானே பேராச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வீட்டை நான் பார்க்கிறேன். நீங்கள் பார்த்து வைத்தால் அடுத்த தடவை ஆற்றுக்கு நடுவில் பார்த்து வைப்பீர்கள்.

நான் வீடு பார்க்கிற விதம் வேறு. சுவரைத் தட்ட மாட்டேன், கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டேன். வாசலில் நின்று ஒரு கூப்பாடு போடுவேன். எத்தனை தலை வெளியே வருகிறது என்று பார்ப்பேன். வரவில்லையென்றால் அரண்மனையாக இருந்தாலும் அடுத்த வீடு.

நாங்கள் வரும்வரை எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

சுந்தரி

பின்குறிப்பு: அப்பா, சீசன் என்றால் அருவியில் எல்லோரும் குளிப்பார்களாமே. நானும் குளிக்கலாமா? என் பெயர் விஜயாவாக இருந்தால் நன்றாக இருக்கும். பே.


தென்காசி
27-4-58, ஞாயிறு

அன்புள்ள சுந்தரிக்கு,

நீங்கள் ரயிலேறிப் போனபிறகு மெஸ் ரசம் இன்னும் மோசமாகிவிட்டது. பேராச்சி என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது. கோயில் வாசல் காற்றில் அது மேல்பக்கம் மலர்வதைப் பார்த்து அவள் கைதட்டியது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் வந்திருந்தபோது இங்கே ஊருக்குள் காட்டினேனே, அந்த மாடி வீட்டை இன்னும் உனக்காகவே நிறுத்தி வைத்திருக்கிறேன். யோசித்துப் பார். டாக்டர் வீடு அடுத்த வாசல். பள்ளிக்கூடம் எதிரிலேயே. கீழே தையல்கடை, பக்கத்தில் சைக்கிள் கடை, விடிந்தால் அடைந்தால் ஆள் நடமாட்டம். சீசன் பற்றியும் கேட்டுவிட்டேன். ஆனி, ஆடி, ஆவணி எதுவானாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். வாசலில் நின்று கத்தினால் தாலுகா ஆபீசுக்கே கேட்கும். உன் மனசுப்படி ஒரு வீடு பார்த்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது.

ஆனால் ரயிலேறும்போது நீ ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பண்பொழி கேம்புக்குப் போன அன்று நீங்கள் இருவரும் எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "கோயிலுக்கு" என்றாய். பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன நடந்தது?

நான் இந்தத் தடவை வார்த்தை மாறமாட்டேன். ஊருக்குள்தான் வீடு. காற்று இல்லாவிட்டால் போகிறது. நீ இனி ஒரு ரோட்டிலும் ஓடக்கூடாது.

காந்திமதிநாதன்


மதுரை
5-5-58

அத்தானுக்கு,

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் பேராச்சி நகர மாட்டேன் என்றாள். பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். மேலெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடித்து, எல்லோரும் நனைந்து வந்திருக்கிறோம்.

உங்கள் மாடி வீட்டைப் பற்றி அங்கேயே சொல்லியிருப்பேன். அதைக் காட்டும்போது உங்கள் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது, மனசு வரவில்லை. நீங்கள் கீழே சாவி வாங்கப் போனபோது நான் மாடியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். நல்ல பலமாகவே கூப்பிட்டேன். தையல் மிஷின் நிற்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்கக் கூச்சல் கேட்கிறவர்களுக்கு அது இன்னொரு கூச்சல்.

மதுரையில் என் குரல் கேட்டால் வளவு ஓடிவருகிறது என்றால், அது பட்டணம் என்பதால் இல்லை. நான் இந்த வளவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால்தான். இது எனக்கே அந்த மாடியில் நின்றபோதுதான் புரிந்தது. அங்கே என்னை யாருக்குத் தெரியும்?

நீங்கள் பண்பொழிக்குப் போன அன்று பஸ் ஏறி இலஞ்சிக் குமாரர் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பேராச்சியைக் காணோம். ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு ஏதோ தெருவுக்குள் ஓடிவிட்டாள்.  தெருமுனையில் நின்று, "ஏட்டி பேராச்சீ!" என்று கத்தினேன். நான் ஏட்டி போடுகிறவளா? உங்கள் அம்மா கூப்பிடுவது எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

கதவு திறந்தது பாருங்கள். மாவு ஒட்டிய கையோடு ஒரு வீட்டுக்காரி வந்து, "என்னயவா கூப்பிட்டிய?" என்றாள். எதிர்வீட்டிலிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, "என்ன மதினி, யாரு?" என்று வந்தாள். அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நம் பிள்ளை உயரம் ஒரு குட்டி, "என்னம்மா?" என்று வந்து நின்றது. மூன்று பேரும் பேராச்சி! இந்தப் பக்கம் அம்மன் பெயராம். "எந்தப் பேராச்சி ஒங்களுக்கு வேணும்?" என்று மாவுக்கைக்காரி கேட்டாள். எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கடைசியில் நம்முடையது ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, அந்த மூன்று பேரையும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது.

மாவுக்கையோடு வந்தவள் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். எந்த ஊர், என்ன உத்தியோகம், ஏன் ஒரே பிள்ளை, எல்லாம் கேட்டுவிட்டாள். அவள் வீட்டுக்கு அடுத்த வீடு சங்கரம்மாள் என்பவருடையது. நெல் விவசாயம் செய்கிற குடும்பம். பின்கட்டு காலியாக இருக்கிறது. நான் முதலில் கேட்டது, "ஆனி ஆடியில் எழுப்பிவிடுவீர்களா?" என்பதுதான். "அது எதுக்கு? எங்க ஆளுவ வந்தா எங்க பக்கம் படுப்பாவ. ஒங்க ஆளுவ வந்தா ஒங்க பக்கம் படுக்கட்டும். மழைக்கு ஒண்ட இடமா இல்ல இங்கன?" என்றார். தென்னையும் இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது. எனக்கு வேண்டிய மனுஷரும் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் சொல்ல வேண்டியது, இலஞ்சிக்குத்தான் வருவேன். நீங்கள் சைக்கிள் ஒன்று பாருங்கள். ஆபீசுக்கு மிதித்துப் போனால் வயிறும் குறையும்.

உங்கள் பெண் ஊர் திரும்பியதிலிருந்து விஜயா என்ற பேச்சையே எடுக்கவில்லை. அழகர் கூட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்டு கேலி செய்ததற்கு, "எங்க ஊர்ல வந்து சொல்லுங்க பார்ப்போம், அங்கே நாங்க நாலு பேர்" என்றாளாம்.

சுந்தரி


தென்காசி
11-5-58, ஞாயிறு

அன்புள்ள சுந்தரிக்கு,

என்ன அநியாயம் இது! இலஞ்சி என்று முதலில் சொன்னவன் யார்? அப்போது தேங்காயோடு பேசச் சொல்கிறீர்களா என்றாய். இப்போது ஊருக்குள் வா என்றால் இலஞ்சிதான் என்கிறாய். இதை ஆபீசில் சொன்னேன். அய்யாக்குட்டி, "அப்போ சார் சொன்னது சரிதானே" என்றான். அவன் ஒருவனாவது என் பக்கம்.

நேற்று உன்னிடம் சொல்லாமல் அந்தத் தெருவுக்குப் போனேன். உன் பேச்சை நம்பாமல் இல்லை, கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான். முனையில் நின்று நானும் ஒரு தடவை, "பேராச்சி" என்றேன். அந்த மூன்று பேரும் வந்துவிட்டார்கள். யாரும் தேவையில்லை, சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன் என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மாவுக்கைக்காரி, "மதுரைக்காரி வீட்டுக்காரரா? அப்படின்னா சரிதான், குடும்பத்தோட கூப்பாடு போடுதிய" என்றாள். நேற்றும் கையில் மாவு இருந்தது.

டாக்டர் தென்காசியில்தானே என்பது என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. தெருக்கோடியில் ஹபீபுல்லா என்று ஒரு குதிரை வண்டிக்காரர் இருக்கிறார். "எந்நேரம் கூப்பிட்டாலும் வண்டி பூட்டுதேன் சார், குதிரைக்குத்தான் கோபம் வரும், எனக்கு வராது" என்றார். அதன்பிறகுதான் சங்கரம்மாள் வீட்டுக்குப் போனேன்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அது உன் கையால் கொடுக்க வேண்டியது. நீ தெருமுனையில் நின்று கூப்பிட்டுக் கண்டுபிடித்த வீடு.

சைக்கிளுக்குச் சொல்லிவிட்டேன். சீக்கிரம் வாருங்கள்.

காந்திமதிநாதன்


இலஞ்சி
20-7-58, ஞாயிறு

சிவகிரி கேம்பில் இருக்கும் அத்தானுக்கு,

நீங்கள் போன அன்று பிடித்த சாரல் இன்னும் விடவில்லை. துணி எதுவும் காயவில்லை, எல்லாம் அடுப்புக்கு மேல் தொங்குகிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து உங்கள் சித்தப்பா குடும்பம் எண்ணெய்ச் சீசாவும் கையுமாக வந்து இறங்கியிருக்கிறது. நேற்று உங்கள் தாய்மாமன் வீடும் வந்துவிட்டது. காலையில் பேரருவி, சாயங்காலம் ஐந்தருவி, நடுவில் என் அடுப்படி. நமக்கு இவ்வளவு சொந்தம் இருக்கிறது என்று கல்யாணத்தின்போதுகூட எனக்குத் தெரியாது. ராத்திரி சங்கரம்மாள் மதினி தன் பக்கத்துக் கூடத்தையும் ஒழித்துக் கொடுத்தார்.

இனி எழுதப்போவதைப் படித்துப் பதற வேண்டாம். பிள்ளை இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து மங்குஸ்தான் தின்றுகொண்டிருக்கிறாள்.

முந்தாநாள் மத்தியானம், விருந்தாளிகள் எல்லோரும் அருவிக்குப் போயிருந்த நேரம், பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தவள் வாய்க்கால் படியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள். மோவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. பாவாடையெல்லாம் சிவப்பாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "பேராச்சீ!" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

மாவுக்கைப் பேராச்சி துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கைக்குழந்தைப் பேராச்சி தன் குழந்தையைச் சங்கரம்மாள் மதினியிடம் போட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். குட்டிப் பேராச்சி சொல்லாமலே ஹபீபுல்லா அண்ணனிடம் ஓடியிருக்கிறது. வண்டி வாசலில் வந்து நின்றது. நான் படியிலிருந்து நேராக வண்டியில்தான் ஏறினேன். தென்காசி டாக்டர் தையல் போட்டார். தையல் போடும்போது நம் பிள்ளை அழவில்லை, குட்டிப் பேராச்சிதான் அழுதாள்.

திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன் மதினி, அதான் சரியாப்போச்சுல்லா" என்று அவர்கள் தேற்றினார்கள். எதற்கு அழுதேன் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அன்று கோவில்பட்டியில் அவ்வளவு தூரம் ஓடினேன். இந்தத் தடவை என் கால் தெருவில் படவே இல்லை அத்தான்.

இதைப் படித்ததும் லீவு போட்டுவிட்டு ஓடிவரலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். வேலையை முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள். இப்படி உங்களுக்கு எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. இங்கே ஒன்றும் குறைவில்லை. ஆனால் சித்தப்பா ஊருக்குப் போகிறவரை வராமல் இருந்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

சுந்தரி

பின்குறிப்பு: அப்பா, எனக்கு மோவாயில் தையல். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். உங்கள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பேராச்சி என்று சொன்னோம், அவர் பயந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேராச்சி இருப்பதால் எனக்கு இரண்டு என்று நம்பர் போட்டிருக்கிறார்கள். ஆனால் தெருக் கணக்குதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
நாலாம் பேராச்சி